பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்?

அந்தக் கடிதம் வந்த மாதம் நான் பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு வந்த கெடுதலில் பாதி அதுதான். எனக்கு ஒரு வேலை இருந்திருந்தால் அவர் கடிதத்தை வேறு யாரிடமாவது காட்டியிருப்பார். அவர்களும் புரட்டிப் பார்த்துவிட்டு "தெரியலலா அக்கா" என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டு, கொஞ்ச நாளில் எல்லோருக்கும் மறந்திருக்கும்.

எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, மலாக்காவில் புக்கிட் ரம்பாய் பக்கம், தொழிற்சாலைகளின் முதுகுப்புறத்தில் இருக்கிறது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். அக்கா எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. என் அம்மாவுக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா, மோட்டார் சைக்கிளில் ரொட்டி கொண்டுவருகிறவருக்கும் அக்கா. ஐம்பதைத் தொடப்போகும் வயது. கணவர் லாரி ஓட்டுகிறார், மகன் ஜொகூரில் வேலை செய்கிறான். ஷிப்ட்டுக்குப் போகும் பெண்கள் காலையிலேயே பிள்ளைகளைக் கொண்டுவந்து அக்காவிடம் விட்டுப் போவார்கள். அப்போது ஒன்பது பிள்ளைகள் இருந்தன. மூத்தது மூன்று வயதைத் தாண்டியிருந்தது, கடைசிக்கு ஐந்து மாதம்.

லூபோக் சீனாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. தோட்டத்தில் இதற்கு ஆயாக் கொட்டகை என்று பெயர். அம்மாக்கள் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போய்விட்டால் பிள்ளைகள் கொட்டகையில் கிடக்கும். நிர்வாகமே நடத்தியது, ஆயாவை யாரும் விண்ணப்பப் பாரம் நிரப்பச் சொன்னதில்லை. பிறகு தோட்டம் கைமாறி, சனங்கள் தொழிற்சாலைப் பக்கம் வந்தார்கள். அம்மாக்கள் வேலைக்குப் போவது மட்டும் மாறவில்லை. பிள்ளைகளை எங்கே விடுவது என்று யாரும் யோசித்து வைக்கவும் இல்லை. அக்கா தன் வீட்டு ஹாலில் பாயை விரித்தார், அவ்வளவுதான்.

கடிதம் சமூகநல அலுவலகத்திலிருந்து வந்திருந்தது, மலாயில். நாலு பிள்ளைகளோ அதற்கு மேலோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதானால் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் குற்றம், குறித்த காலத்துக்குள் விண்ணப்பிக்கவும், தவறினால் நிறுத்தவும். அக்காவுக்குப் பாசாரில், கடைத்தெருவில் பேசுகிற மலாய் நன்றாக வரும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். அலுவலக மலாயை வாசிக்கச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

நான் வாசித்து முடித்த உடனே எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதை இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. பயந்துபோய் ஒருத்தர் எதிரில் நிற்கிறார், எனக்கோ ஒருவழியாகச் செய்வதற்கு ஒரு காரியம் கிடைத்த சந்தோஷம். "ஒரே மாசத்துல முடிச்சிடலாம்கா, எல்லாம் ஆன்லைன்தான்" என்றேன்.

"முடிச்சிடலாம்னா? என்னையவா?" என்றார் அக்கா. சிரித்தோம்.

மறுநாளே அந்த அலுவலகத்துக்குப் போனேன். விதிமுறைக் கையேடு தமிழில் இருக்கிறதா என்று முகப்பில் கேட்டேன். இல்லை. சீனத்தில்? அதுவும் இல்லை. அப்படியானால் மொழி தெரியாதவர்கள் எப்படி விண்ணப்பிப்பது என்று நான் மடக்கினேன். பல்கலைக்கழக விவாத மேடையில் கற்ற குரல் அது. முகப்பில் இருந்த பெண் கோபிக்கவில்லை. மிக மரியாதையாக, தங்கை, நீங்களே மொழிபெயர்த்துத் தரலாமே, சமூகத்துக்கு நல்லது, என்றார். பொறுப்பை என் கையில் கொடுத்து நன்றியும் சொல்லி அனுப்பிவைத்தார்கள். நான் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டு வாரம் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். முதல் பக்கத்தை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"பராமரிப்பாளர்னா யாரு?"

"பிள்ளைங்கள பாத்துக்கிறவங்க."

"அப்ப அப்படியே எழுதேன். எதுக்கு சுத்திக்கிட்டுப் போற?"

சரி, எல்லோருக்கும் தெரிந்த சொல்லாக இருக்கட்டும் என்று ‘ஆயா’ என்று மாற்றினேன். அதற்குத்தான் அக்காவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "ஆயான்னா தொர வெச்ச ஆளு. என்னைய யாரும் வெக்கல. நானா பாக்கறேன்" என்றார். அடித்துவிட்டு ‘பிள்ளை பார்ப்பவர்’ என்று எழுதினேன். கையேடு நன்றாக வந்தது, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. நெருப்பணைப்புக் கருவி எங்கே வைக்க வேண்டும், டைபாய்டு ஊசி எங்கே போட்டுக்கொள்ள வேண்டும், பிளக் துளைகளை எதனால் மூட வேண்டும், எல்லாம் படத்தோடு இருந்தது, கடைசிப் பக்கங்களில் விண்ணப்பப் பாரத்தின் கேள்விகளும் தமிழில் இருந்தன. பிடிஎஃப் ஆக்கி வாட்சாப்பில் விட்டேன். பாயா ரும்புட் குழுக்களுக்குப் போனது, லூபோக் சீனாவுக்குப் போனது, முகம் தெரியாதவர்களெல்லாம் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்க நான் ஃபோனைக் கீழே வைக்கவில்லை.

பிறகு விண்ணப்பப் பாரம். ஒரு மத்தியான வேளை, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஸ்பிரிங் தொட்டில் ஒன்றைக் காலால் ஆட்டிக்கொண்டே அக்கா பதில் சொல்ல, நான் மடிக்கணினியில் தட்டினேன். கடைசிப் பக்கத்தில் பிள்ளைகளின் பட்டியல். பெயர், பிறந்த நாள், பெற்றோரின் வேலை, கடைசிக் கட்டத்தில் ‘விண்ணப்பதாரருடன் உறவு’. தமிழில் அதை எப்படிக் கேட்பார்கள்? நாம் எல்லோரும் கேட்கிற மாதிரியேதான் நானும் கேட்டேன்.

"இந்தப் பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்கா?"

"பெரிம்மா."

"இதுக்கு?"

"இதுக்கும் பெரிம்மாதான். இவங்க அம்மா என்னைய அக்கான்னுல கூப்பிடுது."

"அந்தச் சீனப் பிள்ளைக்கு?"

"அது அத்தேங்குது. அத்தைன்னே போடு. அதோட அப்பன் எங்க வீட்டுக்காரர மச்சான்னுதான் கூப்பிடுவான், அப்ப சரியாத்தானே வருது?"

சரியாகத்தான் வந்தது. பெரியம்மா, சின்னம்மா, அத்தை, மாமி என்று நாம் பிரித்துப் பிரித்து வைத்திருக்கும் எல்லோருக்கும் அலுவலக மலாயில் ஒரே சொல்தான்: இபு சௌடாரா. அதை ஒன்பது கட்டத்திலும் போட்டேன். முதல் கட்டத்தில் தட்டி மற்ற எட்டிலும் நகலெடுத்து ஒட்டினேன் என்பதுதான் உண்மை. எனக்கு உறுத்தவே இல்லை. மலாய் மொழித்தாளில் நான் ஏ வாங்கியவள். அந்தச் சொல்லுக்கு இரத்த உறவு என்று பொருள் என எனக்குத் தெரியும். அந்த ஒன்பதில் ஒன்று மட்டுமே அக்காவின் சொந்தத் தங்கை பிள்ளை என்றும் தெரியும். இரண்டும் தெரிந்திருந்தும் ஒன்றோடு ஒன்று முட்டவில்லை. அக்கா பெரியம்மா என்று சொன்னார், தெருவே அப்படித்தான் சொல்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பாரத்தின் அடியில், விண்ணப்பதாரருக்கு மொழி தெரியாவிட்டால் விளக்கிச் சொன்னவர் கையெழுத்திட ஓர் இடம் இருந்தது. எல்லாக் கேள்விகளும் விண்ணப்பதாரருக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன, அவர் புரிந்துகொண்டு பதில் அளித்தார். அதன் கீழ் முழுப்பெயரோடு, பட்டத்தையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். கட்டாயப் பயிற்சி வகுப்பு மலாக்கா டவுனில், சனி ஞாயிறுகளில் நடந்தது. வகுப்பு மலாயில்தான், நான் கூட உட்கார அனுமதி இல்லை. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அக்கா தன் ஃபோனில் பதிந்து கொண்டுவருவார், நான் இரவல் வாத்தியாராக அதைத் தமிழில் சொல்வேன். தொண்டையில் அடைத்த குழந்தையை எப்படிக் கவிழ்த்துத் தட்டுவது என்று பயிற்சியாளர் பொம்மையை வைத்துக் காட்டச் சொன்னாராம். அக்கா செய்ததைப் பார்த்து மற்றவர்களை எழுந்து வரச் சொல்லியிருக்கிறார். "பொம்மைய வெச்சுக்கிட்டு பயப்படுதுங்க. நான் நெசத்துலயே ரெண்டு வாட்டி தட்டியிருக்கேன்" என்றார் அக்கா. எழுத்துத் தேர்வில் அந்தப் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளை மெதுவாக வாசித்துக் காட்டினார். அந்த ஒரு மனிதர் நல்லவர். சிஜில் கிடைத்தது. அக்கா அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். அவர் வீட்டில் மாட்டிய முதல் சான்றிதழ் அதுதான், மகனுடையதுகூட அங்கே இருந்ததில்லை.

தீயணைப்பிலிருந்து வந்து பார்த்து, சன்னல் கம்பியில் ஒன்றைத் திறக்கிற மாதிரி மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். சுகாதாரத்திலிருந்து வந்து சமையலறையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். மிச்சம் இருந்தது கடைசி நேர்காணல் ஒன்றுதான்.

வந்த அதிகாரிக்கு என்னைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, மக்சிக் நலமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். மக்சிக் என்றால் சின்னம்மா. மலாய்க்காரர்கள் மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பட்டியலை எடுத்து, இவர்கள் எல்லோரும் மக்சிக்கின் சௌடாராவா, உறவினர்களா, என்று கேட்டார். ஆமாம், எல்லோரும் சௌடாராதான், என்றார் அக்கா மலாயில், பெருமையோடு. அந்த நேரம் பார்த்துச் சீனப் பிள்ளை எழுந்து வந்து அக்காவின் சட்டையைப் பிடித்து இழுத்தது. அதிகாரி அதைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், சிரித்தார். இதுவுமா, மக்சிக்?

"இதுவுந்தான்" என்று தமிழிலேயே சொல்லி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார் அக்கா.

நானும் சிரித்தேன். ஆனாலும் விளக்கினேன்: எங்கள் பழக்கம், மரியாதைக்கு அப்படி அழைப்போம், நீங்கள் மக்சிக் என்கிற மாதிரிதான். அவர் தலையாட்டினார், குறித்துக்கொண்டார், அக்கா போட்ட தேநீரைக் குடித்தார், போய்விட்டார்.

பதில் கடிதத்தையும் நானே வாசிக்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் உண்மைக்குப் புறம்பான தகவல் தரப்பட்டுள்ளதால் நிராகரிக்கப்படுகிறது. நாலு பிள்ளைகளுக்குக் குறைவாக உடனே குறைத்துக்கொள்ள வேண்டும், மீறினால் நடவடிக்கை. அக்காவுக்கு ‘உண்மைக்குப் புறம்பான’ என்பதை எப்படிச் சொல்வது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். மலாயில் அது ‘பால்சு’. பாசாரில் போலிக் கைக்கடிகாரத்துக்குச் சொல்கிற சொல் அது, அக்காவுக்கு நன்றாகவே தெரியும்.

"நான் பால்சுவா?" என்று கேட்டார்.

மேல்முறையீடு எழுதினேன். மூன்று பக்கம், என் வாழ்க்கையில் எழுதிய சிறந்த மலாய். தமிழர்கள் அயலாரை உறவு முறையில் அழைப்பதையும், அதில் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதையும், பத்தொன்பது வரி உதாரணங்களோடு விளக்கியிருந்தேன். பதில் ஒரே பத்தி. கேள்விகள் யாவும் விண்ணப்பதாரரின் சொந்த மொழியில் விளக்கப்பட்டு, அவர் புரிந்துகொண்டே பதில் அளித்தார் என மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்டு உறுதி செய்துள்ளார். எனவே புரியவில்லை என்னும் காரணம் ஏற்கப்படாது.

நான் இல்லாமல் அக்கா மட்டும் தப்பும் தவறுமாக நிரப்பியிருந்தால், அம்மா, இங்கே தவறாகப் போட்டிருக்கிறீர்கள், மாற்றுங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். மொழி தெரியாதவருக்கு அந்த ஒரு சலுகை இருந்தது. அதை என் கையெழுத்து எடுத்துவிட்டது. ஏணி வைப்பதாக நினைத்துக்கொண்டு போய் அவர் நின்ற பலகையை உருவியிருக்கிறேன்.

அதே வாரம் அலுவலகத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது, அந்த முகப்புப் பெண்ணிடமிருந்து. என் தமிழ்க் கையேட்டை அச்சிட்டு முகப்பில் வைக்கலாமா என்று கேட்டிருந்தார், தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு எளிதாக இருக்கும் என்று மேலிடத்தில் பாராட்டினார்களாம். அதில் ‘பிள்ளைக்கு நீங்க என்ன வேணும்’ என்றிருந்த கேள்வியை மட்டும் ‘இந்தப் பிள்ளை உங்களுக்கு இரத்த உறவா, இல்லையென்றால் இல்லை என்று எழுதவும்’ என்று திருத்திக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அதற்குள் லூபோக் சீனாவிலிருந்து ஒருவர் அழைத்துவிட்டார்; அவருடைய பாரமும் திரும்பி வந்திருந்தது, அவரும் எல்லாப் பிள்ளைக்கும் அத்தை என்றுதான் எழுதியிருந்தார். என் பழைய பிடிஎஃப் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது, கைகூப்பும் படங்களோடு.

ஒன்பதை மூன்றாக்க வேண்டும். அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். யார் இருக்கட்டும், யார் போகட்டும் என்று அவர் சொன்னால் நான் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னேன்.

"என்னையக் கேக்காத. நீயே எழுது. எழுதத்தான் உனக்கு வருமே."

அவர் என்னைத் திட்டியது அந்த ஒரு தடவைதான், அதுவும் திட்டுகிற குரலில் இல்லை. பிறகு அவரே விரல் விட்டு எண்ணினார். தங்கை பிள்ளை தங்கையிடமே போகட்டும், இரத்த உறவை முதலில் அனுப்பலாம், அதுக்குக் கேக்க ஆளிருக்கு. வேறு போக்கிடம் இல்லாத மூன்று பேர் இருக்கட்டும். மிச்சம் ஐந்து. சீனப் பிள்ளையை மூவாரில் பாட்டி பார்த்துக்கொள்வாள். கைக்குழந்தைக்குப் பாயா ரும்புட்டில் ஒரு நாத்தனார் இருக்கிறாள், அவள் பார்க்கலாம். இப்படியே ஐந்துக்கும் யாரையோ கண்டுபிடித்தார். அவர்களில் பாதிப் பேரை அவர் பார்த்ததுகூட இல்லை.

ஆறு அம்மாக்களையும் நான்தான் ஃபோனில் கூப்பிட்டேன். சீனப் பிள்ளையின் அம்மா காரணம் கேட்காமல், அத்தை தனியாக இருக்கிறாளா, பார்த்துக்கொள் என்றாள். ஒருத்தி என்னை நீண்ட நேரம் ஏசினாள், நியாயம்தான். கைக்குழந்தையின் தாய் வேலையிடத்திலிருந்து எடுத்தாள். பின்னால் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. கிறிஸ்துவப் பெண், கணவன் சிங்கப்பூரில். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாத்தனாரோட நான் பேசியே ரெண்டு வருசம் ஆச்சு" என்றாள். பிறகு, "நானும் அவங்கள அக்கான்னுதானே கூப்பிடறேன். அப்ப நானும் பால்சுதானா?"

மறுநாள் காலை அவள் மோட்டார் அக்கா வீட்டு கேட்டில் நின்றதை எங்கள் வாசலிலிருந்து பார்த்தேன். குழந்தை துணியில் கட்டி மாரோடு இருந்தது. அக்கா உள்ளிருந்து வேண்டாம் என்று கையாட்டினார். அவள் போகவில்லை. ஷிப்ட் பஸ் போன திசையை ஒருமுறை பார்த்தாள். அக்கா வந்து கேட்டைத் திறந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, அவள் கிளம்புவதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.

அது நாலாவது. ஒரு வாரத்தில் ஐந்தாவது வந்தது. சட்டத்துக்கு முன்னால் அக்கா இப்போது உண்மையிலேயே குற்றவாளி. போன வருடம் தெரியாமல் செய்ததை இப்போது தெரிந்து செய்கிறார். சன்னல்களில் திரை. பகலிலும் முன் கதவு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளை வாசலுக்கு விடுவதில்லை. தெருவில் வெள்ளைக் கார் ஏதாவது நின்றால் உதட்டில் விரல் வைத்து உட்காரப் பழக்கியிருக்கிறார். இரண்டு வயதுப் பிள்ளைகள் அதை விளையாட்டு மாதிரி செய்கின்றன என்று அம்மா சொன்னாள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது, கோலாலம்பூரில், மொழிபெயர்ப்புதான். போன மாதம் விடுமுறையில் வந்தபோது அக்காவைப் பார்க்கப் போனேன். கேட்டுக்கு வெளியே நிற்கும்போது உள்ளே பிள்ளைகளின் சத்தம் கேட்டது, ஏதோ பாட்டு. அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டைத் தட்டினேன். சத்தம் சட்டென்று நின்றது. திரை ஓர் ஓரத்தில் விலகி மூடியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவு ஒரு சாண் அளவு திறந்தது.

"நீயா" என்றார் அக்கா. "வர்றதுக்கு முன்னால ஃபோன் அடிக்கமாட்டியா? புள்ளைங்க பயந்துபோச்சுங்க."